நாற்காலி நீங்கலாக நூற்றுப் பதினெட்டு

அந்தச் சின்ன விமான நிலையத்தில் எல்லோருக்கும் ஒரே எடைதான். எழுபத்தைந்து கிலோ. மூன்று வேளையும் மூக்குப்பிடிக்கச் சாப்பிடுகிறவரும் எழுபத்தைந்து, பலமாகக் காற்றடித்தால் கம்பத்தைப் பிடித்துக்கொள்கிறவரும் எழுபத்தைந்து. நிறுவனத்தின் விதிப்புத்தகம் அப்படித்தான் சொல்லியது. குண்டானவரை ஒல்லியானவர் ஈடுகட்டிவிடுவார், மொத்தத்தில் சராசரி வந்துவிடும் என்பது அதை எழுதியவரின் நம்பிக்கை. சாதாரண நாட்களில் அந்த நம்பிக்கை பலித்தும் வந்தது.

ஏறுகிற பதினேழு பேரும் அதிகாரிகளாக இருக்கப்போகிற ஒரு நாள் வரும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

ஏரிக்கும் மலைக்கும் அந்தப் பக்கம் இருந்த ஊருக்குப் புதிதாக விமானம் விடப்போகிறார்கள். அந்த ஊர்த் தையல்காரர் ஒருவர், சிறுநீரகம் பழுதானவர், ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வாரம் இருமுறை ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் பெரியாஸ்பத்திரிக்கு வந்துபோனார். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மனு எழுதுவார். நாலு வருஷத்தில் நூற்றுக்கும் மேல் எழுதிவிட்டார். கடைசியில் நிறுவனம் மனமிரங்கி, நாற்பது நிமிஷ விமானம் ஒன்றை அனுமதித்தது. நல்ல காரியம். நல்ல காரியத்தைத் தொடங்கிவைக்கப் பெரிய மனிதர்கள் வேண்டுமல்லவா? முதல் பயணத்தின் பதினேழு இடங்களும் சேர்மனுக்கும் அவருடைய அதிகாரிகளுக்கும் போய்விட்டன. தையல்காரருக்கு ஓர் அழைப்பிதழ் போயிற்று. அந்தப் பக்கம் ஓடுதளத்தின் ஓரத்தில் நின்று கைதட்டலாம் என்று.

எந்த வரிசையில் எத்தனை கிலோ, மூக்குப் பக்கத்துச் சரக்கறையான மூக்கறையில் எவ்வளவு, வாலறையில் எவ்வளவு என்று கூட்டிப் பெருக்கி எடைத்தாள் எழுதுவது ஒரு பெண்ணின் வேலை. மற்றவர்கள் கிலோவோடு நிறுத்திக்கொள்கிற பத்தியில் இவள் ஒருமுறை 'இருநூறு கிராம்' என்று எழுதிவைக்க, அன்றிலிருந்து அவள் பெயர் கிராம். ஆறு வருஷ சர்வீஸ். இன்னும் தற்காலிகம். நிரந்தரமாக்கும் ஃபைல் ஆறு மாதமாகச் சேர்மன் மேசையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் கையெழுத்தில்லாத எடைத்தாளைக் கேப்டன் தொடமாட்டார். தாள் வராமல் இன்ஜின் சுற்றாது.

போன வாரம் ஒத்திகைப் பயணம். எட்டு அதிகாரிகள் போனார்கள், எட்டுப் பேரும் முன்வரிசைகளில். திரும்பி வந்த கேப்டன், ஐம்பது வயதுப் பெண்மணி, மணிக்கட்டைப் பிசைந்துகொண்டே கிராமின் கண்ணாடி அறைக்குள் வந்து உட்கார்ந்தார்.

"மூக்கைத் தூக்க ரெண்டு கையும் பத்தலம்மா. அஞ்சாவது பலகையில தரையை விடவேண்டிய வண்டி, எட்டாவதுலதான் விட்டுது."

ஓடுதளத்தின் ஓரத்தில் ஒன்பது வெள்ளைப் பலகைகள் உண்டு. ஒன்பதாவதுக்குப் பிறகு ஏரி.

"ஏரி ரொம்ப அழகா இருக்கு," என்றார் கேப்டன். "அவ்வளவு பக்கத்துல பார்க்கணும்னு எனக்கு ஆசை கிடையாது."

எட்டுப் பேருக்கே இந்தக் கதி. பதினேழு பேருக்கு? கிராம் ஒரு குறிப்பு எழுதினாள்: அனைவரையும் எடைபோட வேண்டும். குறிப்போடு அவளையும் கூப்பிட்டு அனுப்பினார் துணை மேலாளர். ஊழியர்களுக்கு அவர் டெபுடி சார்.

"சேர்மனைத் தராசுல ஏத்தணுமா? அவர் என்ன வெங்காய மூட்டையா?"

"மூட்டைன்னா கவலையே இல்ல சார். எங்க வெச்சாலும் கோவிச்சுக்காது."

"விதிப்படி எழுபத்தஞ்சு போடு. பதினேழு பெருக்கல் எழுபத்தஞ்சு. அஞ்சாங்கிளாஸ் கணக்கு."

"கணக்கு சரிதான் சார். ஆளுங்கதான் தப்பு."

"வாய் மட்டும் நிரந்தரமாயிடுச்சு உனக்கு. ஃபைல் எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்கட்டும்."

அவர் மேசைமேல் இருக்கை வரைபடம் விரிந்திருந்தது. மூன்று வார உழைப்பு. பதவிப்படி அடுக்கியிருந்தார். இரண்டாம் வரிசை ஜன்னலுக்கு இரண்டு பேர் போட்டியிட்டு, பேச்சுவார்த்தை நடந்து, ஒருவர் பேசுவதையே நிறுத்தியிருந்தார். அந்த நிறுவனத்தில் ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் இடுப்பில் இரண்டு அங்குலம் கூடும். ஆகையால் பதவிப்படி உட்கார்ந்தால் எடைப்படியும் உட்கார்ந்ததாகிவிடும். கனமெல்லாம் மூக்கில், மெலிந்ததெல்லாம் வாலில். போதாக்குறைக்கு மூக்கறையில் திறப்புவிழாக் கல் வேறு, நூற்று நாற்பது கிலோ. சேர்மன் பெயர் உள்ளங்கை அகலத்தில், ஊர்ப் பெயர் நகக்கண் அகலத்தில், நடுவில் தேதி.

விழா நாள் காலை மழை பிடித்துக்கொண்டது. சரக்குக் கொட்டகை வாசலில் கிராம் எடைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய அக்கா வீட்டுக்காரர். சுமையேற்றுகிறவர்களுக்கு மேஸ்திரி. இந்த வேலையை அவளுக்கு வாங்கிக்கொடுத்தவரும் அவர்தான்.

"நான் கையெழுத்துப் போடப்போறதில்ல அத்தான்."

"போடாட்டி வேலை போயிடும்."

"போட்டா?"

அத்தான் மழைக்கு நடுவே ஏரியைப் பார்த்தார். "ரெண்டுல எது நடந்தாலும் உங்க அக்காவுக்கு நான்தானே பதில் சொல்லணும்," என்றார். "வேலை போனா ஒரு வாரம் திட்டுவா. மத்தது நடந்தா உன்னையே நீ ஆயுசு பூரா திட்டிப்ப. போடாத."

அப்போது டெபுடி குடையும் கலக்கமுமாக ஓடிவந்தார். வெளியே போட்ட மேடை நனைந்து சாய்ந்துவிட்டதாம். விழாவைக் கொட்டகைக்குள் மாற்றியாக வேண்டும். ஆனால் தரையோடு தரையாகச் சேர்மனை உட்காரவைப்பதா? மற்றவர்களைவிட அவர் கொஞ்சமாவது உயரத்தில் இருக்க வேண்டாமா?

அத்தானும் கிராமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். கொட்டகையின் நடுவே, ஒரு சின்ன அறை அகலத்துக்கு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓர் இரும்புத் தட்டு.

"சார், மேடை இங்கயே இருக்கே," என்றார் அத்தான், தலையைச் சொறிந்துகொண்டு. "கம்பளத்தை விரிச்சா ராஜ தர்பார்தான். யானை நின்னாலும் தாங்கும்."

"அசையுமா?"

"அசையவே அசையாது சார். அதோட நம்பர்தான் அசையும்."

டெபுடிக்குக் கேட்க நேரமில்லை. கம்பளம் கொண்டுவர ஓடினார். அது சரக்கு எடைபோடும் தராசு என்பதும், அதன் எண்கள் கொட்டகையை ஒட்டிய கண்ணாடி அறைக்குள் கிராமின் மேசைமேல் தெரியும் என்பதும் அவர் இருபது வருஷ சர்வீஸில் கேட்டறிய நேரமில்லாமல் போன பல விஷயங்களில் ஒன்று.

சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். கிராம் அதன் எடையைக் கழித்தாள். சிங்கக்கால் வைத்த நாற்காலி வந்தது. இருபத்திரண்டு கிலோ என்று குறித்துக்கொண்டாள். மழை விட்டதும் சேர்மன் வந்தார், பூட்ஸ் சத்தமிட மேடையேறி அமர்ந்தார். எண்கள் தடுமாறி நின்றன. நூற்று நாற்பது. நாற்காலி நீங்கலாக நூற்றுப் பதினெட்டு. எடைத்தாளில் அவருக்கு நேரே பத்து வருஷமாக எழுபத்தைந்து என்று இருந்தது.

அடுத்து வருகிறவர் எடையைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால், ஏற்கெனவே மேடையில் இருப்பதைப் பூஜ்யமாக்க வேண்டும். அதற்கு ஒரு பச்சைப் பொத்தான். நிறுவனத்துக்குத் தாம் ஆற்றிய முப்பது வருஷ சேவையைச் சேர்மன் எடுத்துரைத்துக்கொண்டிருந்த நேரத்தில், தற்காலிக ஊழியர் ஒருத்தி விரலை வைத்து அழுத்தி அவரைப் பூஜ்யமாக்கினாள்.

பிறகு அதிகாரிகள் பதவி வரிசைப்படி ஒவ்வொருவராக ஏறி, பூச்செண்டு கொடுத்து, குனிந்து, படம் எடுத்துக்கொண்டு, சேர்மனுக்குப் பின்னால் போய் நின்றார்கள். ஒருவருக்கு ஒரு பொத்தான். தொண்ணூற்றெட்டு. நூற்றாறு. தொண்ணூற்றொன்று. பூச்செண்டு நானூறு கிராம், கழித்தாயிற்று. கணக்கதிகாரி வந்தபோது நாற்பத்தொன்று காட்டியது. கிராம் எட்டிப் பார்த்தாள். மனுஷர் பணிவு மிகுதியில் ஒரு காலைக் கீழேயே வைத்திருந்தார். அவள் கண்ணாடியைத் தட்டினாள். அத்தானுக்குப் புரிந்துவிட்டது.

"சார், போட்டோவுல பாதிதான் விழறீங்க. முழுசா ஏறுங்க."

கணக்கதிகாரி துள்ளி ஏறினார். எண்பத்தொன்பது. அதற்குப் பிறகு ஒருவர்கூட அரைகுறையாக நிற்கவில்லை. அந்த நிறுவனத்தில் அவ்வளவு நேர்மையான கணக்கெடுப்பு அதற்குமுன் நடந்ததில்லை. கலந்துகொண்டவர்களில் ஒருவருக்கும் அது தெரியாததுதான் அதன் நேர்மைக்குக் காரணம்.

கைதட்டல் ஓய்வதற்குள் கூட்டல் முடிந்தது. விதிப்படி ஆயிரத்து இருநூற்று எழுபத்தைந்து. உண்மைப்படி ஆயிரத்து அறுநூற்றெட்டு. கல்லையும் பெட்டிகளையும் சேர்த்தால் விமானம் தாங்கக்கூடியதைவிட நூற்று அறுபத்தெட்டு கிலோ கூடுதல். அதுவும் மூக்கின் பக்கம். எடைத்தாளின் அடியில் கோணலான ஒரு கட்டம் உண்டு. சமநிலைப் புள்ளி அதற்குள் விழ வேண்டும். இவள் புள்ளி கட்டத்தைத் தாண்டி, தாளின் ஓரத்துக்கே போய் நின்றது.

கேப்டன் பார்த்தார். "இதை யார் போய்ச் சொல்றது?"

"நான்தான் மேடம்."

"நான் பக்கத்துல நிக்கறேன். பேசமாட்டேன். பேசினா எனக்குக் கோவம் வரும்."

விமானத்தின் படிக்கட்டு அருகே சேர்மன் வாசனைத் திரவிய மேகத்தில் நின்றிருந்தார். கிராம் தாளை நீட்டினாள்.

"சார், இதுல நான் கையெழுத்துப் போட முடியாது."

சேர்மன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியைப் படித்தார். நெடுநேரம் படித்தார். "யாரு இது, நூத்திப் பதினெட்டு?"

டெபுடி முந்திக்கொண்டு குறுக்கிட்டார். "சார், இவ தற்காலிகம்..."

"முதல் வரிசை, ஜன்னல் பக்கம் சார்," என்றாள் கிராம்.

"அது நானாச்சே." தாளிலிருந்து கண்ணை எடுத்தார். "எப்பப் பார்த்த?"

அவள் சொன்னாள். கம்பளம், தட்டு, பச்சைப் பொத்தான், ஒன்றையும் மறைக்கவில்லை. பின்னால் நின்ற அதிகாரிகள் ஒவ்வொருவரும் அடுத்தவருடைய எண்ணைப் பார்க்கக் கழுத்தை நீட்டி, தன்னுடையதை மறைக்கத் தோளைக் குறுக்கினார்கள்.

"நாற்காலியைக் கழிச்சியா?"

"இருபத்திரண்டு கிலோ கழிச்சுட்டேன் சார்."

"பூங்கொத்து?"

"நானூறு கிராம். கழிச்சாச்சு."

"பூட்ஸ்?"

"அதைக் கழட்டி வெச்சுட்டு வர்றதா இருந்தா கழிக்கறேன் சார். போட்டுட்டு ஏறினா அதுவும் கூடத்தான் பறக்கும்."

யாரோ களுக்கென்று சிரித்து இருமலாக்கினார். சேர்மன் சிரிக்கவில்லை. ஆனால் கோபத்தில் மேலேறவேண்டிய புருவங்கள் வழி தவறி நின்றன. அவர் எடையை அவரிடம் உண்மையாகச் சொன்னவர்கள் பல வருஷங்களாக இல்லை. அவர் வீட்டுத் தராசுகூட, அவர் உதைத்த ஒரு நாளிலிருந்து, எண்பத்திரண்டிலேயே நின்றுவிட்டது.

"சரி, நான் முன்னாடி உக்காந்தா என்ன ஆகும்?"

கிராம் அத்தானைப் பார்த்தாள். அவர் இருசக்கரக் கைவண்டி ஒன்றை இழுத்துவந்தார். பெட்டிகளை முன்னால் அடுக்கினார். வண்டி முன்பக்கம் கவிழ்ந்து மண்ணை முட்டியது. கைப்பிடி வானத்தைக் காட்டியது.

"இப்படித்தான் சார். மூக்கு தரையைவிட்டு வராது. ஏரி வந்துடும்," என்றாள் கிராம்.

அத்தான் பெட்டிகளைப் பின்னால் தள்ளினார். கைப்பிடி தொம்மென்று அவர் கால்மேல் விழுந்தது. அத்தான் சொன்ன வார்த்தையை இங்கே எழுதுவதற்கில்லை.

"எல்லாரும் பின்னால போனா இது. மூக்கு தானா மேல போகும், கேப்டன் எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. முன்னதைவிட இது மோசம்." கிராம் பெட்டிகளைச் சக்கரத்துக்கு நேர்மேலே வைத்தாள். ஒரு விரலால் கைப்பிடியைத் தூக்கினாள், தாழ்த்தினாள். "கனமெல்லாம் நடுவுல, இறக்கைக்கு மேல. அங்க எவ்வளவு கனம் இருந்தாலும் வண்டி சொன்னபடி கேக்கும்."

கைப்பிடியின் நுனியில் கையிலிருந்த குடையைத் தொங்கவிட்டாள். வண்டி மெல்லப் பின்னால் சாய்ந்தது.

"குடை நாலு பெட்டியைச் சாய்க்குதா?" என்றார் சேர்மன்.

"தூரத்துல இருக்கறதால சார். நடுவுல இருக்கற பெரியவரைவிட, கடைசியில இருக்கற சின்னவர் பேச்சு அதிகம் எடுபடும். விமானத்துல மட்டும்."

கேப்டன் இருமினார். சேர்மன் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போய்விட்டது என்று கிராம் உள்ளுக்குள் முடிவுகட்டி, அக்காவிடம் சொல்லவேண்டிய முதல் வாக்கியத்தையும் யோசித்துவிட்டாள்.

"அந்தக் கல்லை இறக்குங்க," என்றார் சேர்மன்.

"சார், அதுல இன்னிக்குத் தேதி பொறிச்சிருக்கு!" என்றார் டெபுடி.

"நாளைக்கு வரட்டும். கல்லுக்கு என்ன, தேதி பார்க்கத் தெரியுமா?"

கல் இறங்கியது. இன்னும் இருபத்தெட்டு கிலோ கூடுதல். ஒருவர் இறங்கியாக வேண்டும். கிராம் பட்டியலை வாசிக்க வாயைத் திறந்த அந்தக் கணத்தில், நூற்று நான்கு கிலோ எடையுள்ள டெபுடிக்கு அலுவலகத்தில் மிக அவசரமான ஒரு தொலைபேசி அழைப்பு நினைவுக்கு வந்தது. இன்னும் மணியடிக்காத அழைப்பு. ஏரியை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் வேகமாக நடந்தார்.

சேர்மன் ஏறி நடுவரிசையில் அமர்ந்தார். அதுவரை முதல் வரிசைக்காக மூன்று வாரம் சண்டையிட்டவர்கள் ஒரே நொடியில் ஞானம் பெற்றார்கள். நடுவரிசையின் அருமை அவர்களுக்கு எப்போதோ தெரியுமாம். பேச்சை நிறுத்தியிருந்தவர் பேச ஆரம்பித்தார். பதவி கூடியவர்கள் சேர்மனுக்கு முன்னும் பின்னும் நெருக்கியடித்து உட்கார, பதவி குறைந்த ஒல்லிகள் தாமாகவே இரண்டு ஓரங்களுக்கும் ஒதுங்கினார்கள். கிராம் ஒரு மணி நேரம் மன்றாடியும் செய்திருக்க முடியாத ஏற்பாடு. காக்காய் பிடிக்கிற கலை விமானத்துக்கு உதவிய முதல் நாள் அது.

புள்ளி கட்டத்தை நோக்கி நகர்ந்து வந்தது. ஒரு நூலிழை வெளியே நின்றுவிட்டது.

"வால் பக்கம் கடைசி வரிசையில அம்பது கிலோ இருந்தா உள்ள வந்துடும்," என்றார் கேப்டன். "மண்மூட்டை இருக்கா?"

"இருக்கு, மழையில நனைஞ்சு கிடக்கு," என்றார் அத்தான். "ஈரத்துல அதோட எடையைச் சொல்ல முடியாது. இதோ, இது நாப்பத்தேழு. காஞ்சு போயிருக்கு." மச்சினியைக் காட்டினார்.

கேப்டன் தாளில் கோடு இழுத்துப் பார்த்தார். புள்ளி கட்டத்துக்குள் காலெடுத்து வைத்தது. கிராம் கையெழுத்துப் போட்டாள். இரண்டாயிரத்துச் சொச்சம் எடைத்தாள் எழுதியவள், ஒருமுறைகூட விமானம் ஏறியதில்லை.

கடைசி வரிசையில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னலில் நெற்றியை வைத்தாள். இன்ஜின் உறுமியது. முதல் பலகை ஓடியது. இரண்டாவது. மூன்றாவதில் சேர்மனின் கை எதிர் நாற்காலியைப் பற்றியது தெரிந்தது. நான்காவது. தான் எழுதிய எண்கள்மேல் தானே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஐந்தாவது பலகை வந்தது, கீழே போனது. ஏரி தூரத்தில் தட்டையாக, சாதுவாக, யாருக்கும் வேண்டாததாகக் கிடந்தது.

பத்து நிமிஷம் கழித்துச் சேர்மன் பெல்ட்டைக் கழற்றி எழுந்தார். பின்பக்கம் நடந்துவரப் பார்த்தார். அவரைத் தொடர்ந்து நான்கு அதிகாரிகள் எழுந்தார்கள்.

"உக்காருங்க சார்!" என்றாள் கிராம். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது.

ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். சேர்மன் தலையை மட்டும் திருப்பி, சத்தத்தை மீறிக் கத்தினார். "உன் ஃபைல் என் மேசையிலயா இருக்கு?"

"ஆறு மாசமா சார்!"

"எத்தனை கிலோ?"

"இருநூறு கிராம் சார்!"

"அவ்வளவுதானா? அப்ப தூக்கிடலாம்!"

அதிகாரிகள் சிரித்தார்கள். இம்முறை இருமலாக்கவேண்டிய அவசியமிருக்கவில்லை.

அந்தப் பக்க ஓடுதளத்தின் ஓரத்தில் தையல்காரர் நின்றிருந்தார். கழுத்தில் அளவுநாடா, காலடியில் ஆஸ்பத்திரிப் பை, பக்கத்தில் மகள். கைதட்டினார். தட்டி முடித்துவிட்டுக் கிராமிடம் மெல்லக் கேட்டார்: "ஏம்மா, திரும்பிப் போறப்ப இடம் ஏதாவது... நாளைக்கு எனக்கு ஆஸ்பத்திரி நாள்."

கிராம் சேர்மனைப் பார்த்தாள். சேர்மன் அதிகாரிகளைப் பார்த்தார். இரண்டாம் வரிசை ஜன்னலுக்குப் போட்டியிட்ட இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். அதுதான் அவர்கள் செய்த தவறு. அன்று மாலை பஸ்ஸில் ஒன்பது மணி நேரம் அவர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். ஜன்னலோரம் யாருக்கு என்று தெரியவில்லை.

"எல்லாரையும் மறுபடி எடைபோடணும் சார்," என்றாள் கிராம். "டீ, பிஸ்கட் எல்லாம் ஆகியிருக்கு."

மூட்டை நிறுக்கும் தராசு ஒன்றைப் பக்கத்துக் கடையிலிருந்து கொண்டுவந்தார்கள். கம்பளம் கிடையாது, நாற்காலி கிடையாது. முதலில் சேர்மனே ஏறினார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மூச்சை அடக்கி, வயிற்றை எக்கி, தலையை நிமிர்த்தி நின்றார். முள் நூற்றுப் பதினெட்டிலேயே நின்றது.

அடுத்ததாக நின்றிருந்த தையல்காரர் தொழில் பழக்கத்தில் சொன்னார்:

"ஐயா, வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு அளவு குடுக்கறவங்களுக்குத்தான் சட்டை பத்தாமப் போகுது. மூச்சை விடுங்க."

சேர்மன் மூச்சை விட்டார்.